ஏ.சி. குளிரவில்லையா? கேஸ் நிரப்புமுன் கொஞ்சம் பொறுங்கள்



பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் ஏ.சி. வைத்திருக்கும் வீடுகளை விரல்விட்டு எண்ணிய காலம் ஒன்று இருந்தது. இன்று உதியன்குளங்கரையிலிருந்து இஞ்சிவிளை வரை எந்தத் தெருவில் நடந்தாலும் சுவரில் தொங்கும் வெளி யூனிட்டுகளைப் பார்க்கலாம். 2024ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் கேரள மாநிலத்தின் உச்ச மின்தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டிப் புதிய உயரத்தைத் தொட்டது. இரவு முழுவதும் ஓடும் ஏ.சி.கள் அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று மின்வாரியமே கூறியது.

வயதான பெற்றோரும் கைக்குழந்தையும் இருக்கும் வீட்டில் ஏ.சி.யை இனி ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது. மாதத் தவணை கட்டி வாங்கிய இயந்திரம் ஏப்ரல் மாதத்து இரவொன்றில் வெறுங்காற்றை ஊதத் தொடங்கினால் வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. மறுநாள் காலையில் மெக்கானிக் வருகிறார். இரண்டு நிமிடம் பார்க்கிறார். “கேஸ் போயி, சாறே” என்கிறார். சில ஆயிரம் ரூபாய் கைமாறுகிறது. கொஞ்ச நாள் குளிர்கிறது. பிறகு பழைய கதைதான்.

எல்லா மெக்கானிக்குகளும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வெயிலில் ஏணி மேல் நின்று நேர்மையாக உழைப்பவர்கள் நம் பகுதியில் பலர் உண்டு. ஆனால் வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது என்னும்போது, எளிதான பதிலே எல்லா நோய்க்கும் மருந்தாகிவிடுகிறது. டிப்ளமோ முடித்து ரயில்வேயின் மின்பிரிவில் சேர்ந்து, குளிர்பதன வசதியுள்ள பெட்டிகளோடு பல ஆண்டுகள் பழகியவன் என்பதால், சங்க நண்பர்கள் அடிக்கடி இது பற்றிக் கேட்பார்கள். தனித்தனியே சொல்வதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஏ.சி.யில் உள்ள கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீரும் பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. ஒழுக்கு இல்லாவிட்டால் பத்து ஆண்டுகள் ஆனாலும் குறையாது.

ஏ.சி. என்ன செய்கிறது?

ஏ.சி. குளிரை உற்பத்தி செய்வதாகவே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது அறைக்குள் உள்ள வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டும் சுமைகூலி. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் கோளாறுகள் தாமாகவே புரிந்துவிடும்.

நம் நாட்டு ரயிலில் குளிர்பதனம் முதலில் வந்தது 1934இல், ஃபிரான்டியர் மெயில் வண்டியில். அன்று கம்ப்ரஸர் கிடையாது. பெட்டியின் அடியில் பனிக்கட்டிகளை அடுக்கி, அதன் வழியே காற்றை ஊதிப் பயணிகளுக்கு அனுப்பினார்கள். பனிக்கட்டி உருக உருக, வழியில் ரயில் நிலையங்களில் புதிதாக நிரப்பினார்கள். காற்றின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு பனிக்கட்டி உருகியது, அவ்வளவுதான் தத்துவம்.

நாம் ‘ஒரு டன்’, ‘ஒன்றரை டன்’ என்று சொல்வதும் அந்தப் பனிக்கட்டிக் கணக்குதான். இயந்திரத்தின் எடை அல்ல. ஒரு அமெரிக்க டன், அதாவது ஏறத்தாழ 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ, அந்த வேகத்தில் வெப்பத்தை அகற்றும் திறனே ஒரு டன். மின் அளவில் சொன்னால் சுமார் 3,500 வாட். ஒன்றரை டன் ஏ.சி. என்றால், நாள் முழுக்க ஓடினால் 1,360 கிலோ பனிக்கட்டி உருகச் செய்யும் வேலையை அது செய்கிறது.

பனிக்கட்டி இல்லாமல் இதை எப்படிச் செய்கிறது? ஊசி போடுமுன் நர்ஸ் கையில் ஸ்பிரிட் தடவினால் ஜில்லென்று இருக்கிறதல்லவா? ஸ்பிரிட் ஆவியாகும்போது நம் தோலின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஏ.சி.யில் உள்ள கேஸும் அப்படியே. இப்போது பரவலாக உள்ள ஆர்-32 என்னும் கேஸ், சாதாரணக் காற்றழுத்தத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 52 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். உள் யூனிட்டின் குழாய்ச் சுருளில் அழுத்தம் குறைவாக இருப்பதால் அது ஆவியாகி அறையின் வெப்பத்தை இழுக்கிறது. வெளி யூனிட்டில் உள்ள கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்திச் சூடாக்குகிறது. வெளிச்சுருளில் மின்விசிறி ஊதும் காற்றில் தன் சூட்டை இறக்கிவிட்டு அது மறுபடி திரவமாகிறது. பிறகு மெல்லிய குழாய் ஒன்றின் வழியே, அல்லது ஒரு வால்வின் வழியே, அழுத்தம் குறைந்து மீண்டும் உள்ளே வருகிறது. இந்தச் சுற்று ஓயாமல் நடக்கிறது.

ஆக, வெப்பம் வெளியே போக நான்கு விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும். நினைவில் நிற்பதற்காக நான்கு ‘க’ என்று சொல்வேன்: கட்டளை, காற்று, கரண்ட், கேஸ். பார்க்க வேண்டிய வரிசையும் இதுவே. செலவில்லாததை முதலில், செலவு மிக்கதைக் கடைசியில் பார்ப்பது ரயில்வே பட்டறைகளில் நாங்கள் கைக்கொண்ட முறை.

உண்மையிலேயே குளிரவில்லையா?

முதலில் இதை உறுதி செய்துகொள்ள வேண்டும். கதவு ஜன்னல்களை மூடி, ‘கூல்’ நிலையில் இருபது நிமிடம் ஓட விடுங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண அறை வெப்பமானியை உள் யூனிட்டின் மேல்பக்கம், காற்று உள்ளே போகும் இடத்தில் வைத்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு காற்று வெளிவரும் வாயில், விசிறியில் படாமல் பிடித்துப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே 8 முதல் 12 டிகிரி வரை வித்தியாசம் இருந்தால் இயந்திரம் ஏறக்குறையச் சரியாகவே வேலை செய்கிறது. நான்கைந்து டிகிரிதான் என்றால் கோளாறு இருக்கிறது.

நம் ஊருக்கென்றே இன்னொரு சோதனையும் உண்டு. நம் காற்றில் ஈரம் அதிகம். நன்றாகக் குளிரும் ஏ.சி.யின் வடிகுழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். ஒரு மணி நேரம் ஓடியும் ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை, உள்ளேயும் ஒழுகவில்லை என்றால், உள்சுருள் குளிரவே இல்லை என்று கொள்ளலாம்.

இயந்திரம் சரியாக இருந்தும் அறை குளிராமல் இருப்பதும் உண்டு. கான்கிரீட் மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறை பகலெல்லாம் வாங்கிய வெயிலை இரவு பத்து மணி வரை உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். நம் பகுதியில் மாடியின் மேல் இரும்புச் சட்டம் அடித்துத் தகரக் கூரை போடுவது மழைக்காக மட்டும் அல்ல; வெயில் நேராகக் கான்கிரீட்டில் படாமல் இருப்பதால் கீழறையின் சூடும் வெகுவாகக் குறையும். மேற்குச் சுவர் ஜன்னலுக்குத் திரை போடுவதும் அப்படியே. இவையெல்லாம் செய்யாமல் ஏ.சி.யைக் குறை சொல்லிப் பயனில்லை.

முதல் ‘க’: கட்டளை

ரிமோட்டில் ‘ஃபேன்’ என்று இருந்தால் காற்று மட்டுமே வரும், கம்ப்ரஸர் ஓடாது. ‘டிரை’ என்று இருந்தால் ஈரத்தை எடுப்பதற்காக விட்டுவிட்டு ஓடும். குழந்தைகள் கையில் ரிமோட் அகப்பட்ட மறுநாள் வரும் புகார்களில் பல இவையே. ‘கூல்’ என்ற நிலையில், அறை வெப்பத்தை விடக் குறைவான எண்ணில் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். டைமர் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ரிமோட் வேலை செய்கிறதா என்ற சந்தேகமா? அதன் முன்முனையைக் கைப்பேசியின் காமிராவுக்கு நேராகக் காட்டிப் பொத்தானை அழுத்துங்கள். பெரும்பாலான காமிராக்களில் சிறு வெளிச்சம் மின்னுவது தெரியும். தெரியாவிட்டால் முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

18இல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது தவறான நம்பிக்கை. சாதாரண ஏ.சி.யின் கம்ப்ரஸர் 18க்கும் 24க்கும் ஒரே வேகத்தில்தான் ஓடும். 18இல் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், அவ்வளவே. 2020 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரையுள்ள அறை ஏ.சி.கள் 24 டிகிரி அளவிலேயே தொடங்கும்படி அமைக்கப்பட வேண்டும் என்று விதி வந்ததும் மின்சாரத்தை மிச்சப்படுத்தவே.

இரண்டாவது ‘க’: காற்று

என் அனுபவத்தில் குளிராத ஏ.சி.களில் மிகப் பலவற்றின் நோய் இதுதான். ரயில் பெட்டியின் கூரையில் உள்ள குளிர்பதன யூனிட்டுகளின் ஃபில்டர்களை வண்டி பராமரிப்புக்கு வரும்போதெல்லாம் கழற்றிச் சுத்தம் செய்வார்கள். வீட்டிலோ, வாங்கிய நாள் முதல் ஃபில்டரைத் திறந்தே பார்க்காதவர்கள் இருக்கிறார்கள்.

சுவிட்சை அணைத்துவிட்டு உள் யூனிட்டின் முன்மூடியைத் தூக்கினால் வலை போன்ற ஃபில்டர்கள் தெரியும். மெதுவாக இழுத்து எடுத்து, குழாய்த் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்ட வேண்டும். வெயில் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. சாலையோர வீடுகளில் வாரம் ஒருமுறை.

ஃபில்டர் அடைத்தால் காற்றோட்டம் குறைகிறது. சுருளுக்குப் போதிய வெப்பம் கிடைக்காமல் அதன் மேல் ஈரம் பனிக்கட்டியாக உறைகிறது. அந்தக் கட்டி மிச்சக் காற்றையும் அடைத்துவிடுகிறது. ‘ராத்திரி பத்து மணி வரை நன்றாகக் குளிர்ந்தது, அப்புறம் காற்றே வரவில்லை’ என்பவர்கள் வீட்டில் பெரும்பாலும் இதுவே நடக்கிறது. கத்தி, ஸ்குரூடிரைவர் கொண்டு ஐஸைச் சுரண்டக் கூடாது, சுருள் ஓட்டையாகிவிடும். ‘ஃபேன்’ நிலையில் இரண்டு மூன்று மணி நேரம் ஓட விட்டால் தானாக உருகிவிடும். ஃபில்டரைக் கழுவி மாட்டிய பிறகும் ஐஸ் திரும்பவும் பிடித்தால், உள்விசிறி உருளையில் அழுக்கு சேர்ந்திருக்கலாம், அல்லது கேஸ் குறைந்திருக்கலாம். அப்போது மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

வெளி யூனிட்டுக்கும் காற்று வேண்டும். மழை படுகிறது என்று தார்ப்பாய் போட்டு மூடுவது, அதன் முன்னால் விறகு, சைக்கிள், பழைய கட்டில் முதலியவற்றை அடுக்குவது, பால்கனியில் வைத்துக் கண்ணாடியால் அடைப்பது ஆகியவை அதன் மூச்சைப் பிடிப்பதற்குச் சமம். ஊதிய சூடான காற்றையே அது திரும்ப உறிஞ்சும். கம்ப்ரஸர் கொதித்து நின்றுவிடும். பின்பக்க அலுமினியத் தகடுகளில் தூசியும் பஞ்சும் படிந்திருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை, மாசி மாதத்திலேயே சர்வீஸ் செய்துவிடுவது நல்லது. பங்குனி, சித்திரையில் மெக்கானிக் கிடைப்பது அரிது.

பூவாறு, பொழியூர் பக்கம் கடலோரத்தில் குடியிருப்போருக்குத் தனியாக ஒரு வார்த்தை. உப்புக்காற்று அந்தத் தகடுகளை அரித்து மாவாக உதிர்த்துவிடும். அவ்வப்போது மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவச் சொல்லுங்கள். புதிதாக வாங்கும்போது அரிமானத் தடுப்புப் பூச்சு உள்ள சுருளைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது ‘க’: கரண்ட்

உள் யூனிட்டில் காற்று வருகிறது, ஆனால் குளிர் இல்லை என்றால் வெளியே போய்க் காது கொடுத்துக் கேளுங்கள்.

வெளியே ஒரு சத்தமும் இல்லை என்றால், முதலில் பொறுமை வேண்டும். அணைத்து உடனே போட்டால் ஏ.சி.யின் பாதுகாப்பு அமைப்பு சுமார் மூன்று நிமிடம் கம்ப்ரஸரை ஓட விடாது. சுவிட்சை மாறி மாறிப் போடுவதால் கெடுதலே தவிர நன்மை இல்லை. ஸ்டெபிலைசர் இருந்தால் அதன் முகப்பில் எத்தனை வோல்ட் காட்டுகிறது என்று பாருங்கள். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 200க்கும் கீழே இறங்கினால் சாதாரண கம்ப்ரஸர் திணறும்; மிகவும் இறங்கினால் ஸ்டெபிலைசர் இணைப்பைத் துண்டித்துவிடும். எல்லா வீட்டிலும் ஏ.சி. ஓடும் இரவு நேரத்தில் மட்டும் இந்தக் கோளாறு என்றால், ஏ.சி. மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பயனில்லை. 1912 என்ற எண்ணில் மின்வாரியத்திடம் புகார் செய்யுங்கள்.

‘ம்ம்ம்’ என்ற முனகல் சில விநாடிகள் கேட்டு, பிறகு ‘டக்’கென்று நின்று, சற்று நேரம் கழித்து மறுபடி முனகினால், சாதாரண ஏ.சி.யில் பெரும்பாலும் கெபாசிட்டர் பழுதாகியிருக்கும். கம்ப்ரஸர் புறப்படத் தேவையான உந்துதலைத் தருவது அது. சில நூறு ரூபாய்ப் பொருள். ‘கம்ப்ரஸர் போய்விட்டது’ என்று யாராவது சொன்னால், ‘கெபாசிட்டரைச் சோதித்தீர்களா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கம்ப்ரஸர் ஓடுகிறது, வெளிவிசிறி மட்டும் சுற்றவில்லை என்றாலும் உடனே அணைத்துவிட வேண்டும். அதற்கும் கெபாசிட்டரோ விசிறி மோட்டாரோ காரணமாக இருக்கலாம்.

இன்வெர்ட்டர் ஏ.சி.யில் கம்ப்ரஸரை ஓட்டுவது ஒரு மின்னணுப் பலகை. கோளாறு வந்தால் உள் யூனிட்டில் எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடு தோன்றும், அல்லது விளக்கு இத்தனை முறை என்று கணக்காக மின்னும். அதை அப்படியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சொன்னாலே கம்பெனி ஆளுக்குப் பாதி விஷயம் விளங்கிவிடும். துலாவர்ஷக் காலத்து இடிமின்னல் இந்தப் பலகைகளுக்குப் பெரிய எதிரி. இடி தூரத்தில் கேட்கும்போதே ஏ.சி.யை அணைத்து பிளக்கைக் கழற்றிவிடுங்கள். வெளி யூனிட்டுக்குள் பல்லியும் எறும்பும் புகுந்து பலகையைக் குறுக்கிணைப்பு ஆக்குவதும் நம் ஊர்களில் சகஜம்.

பிளக்கையும் கவனியுங்கள். ஒன்றரை டன் ஏ.சி. ஏழெட்டு ஆம்பியர் மின்சாரத்தை மணிக்கணக்கில் தொடர்ந்து இழுக்கிறது. பிளக் பழுத்து நிறம் மாறியிருந்தாலோ, தொட முடியாமல் சுட்டாலோ, கருகிய வாடை வந்தாலோ, அது குளிரின் பிரச்சினை அல்ல. தீ விபத்தின் முன்னறிவிப்பு. உடனே மெயின் சுவிட்சை அணைத்து எலக்ட்ரீசியனை அழையுங்கள். இ.எல்.சி.பி. அடிக்கடி விழுந்தால் அதைத் தாண்டி நேரடி இணைப்புக் கொடுக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். அது விழுவது உங்கள் உயிரைக் காப்பதற்காகவே.

நான்காவது ‘க’: கேஸ்

மூன்றையும் பார்த்த பிறகே கேஸ் பற்றிப் பேச வேண்டும். கேஸ் உண்மையிலேயே குறைந்திருந்தால் சில அடையாளங்கள் இருக்கும். கம்ப்ரஸரும் இரு விசிறிகளும் ஓடும். ஆனால் குளிர் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரும். உள்சுருளில் ஒரு பகுதியில் மட்டும் ஐஸ் பிடிக்கும். வெளி யூனிட்டில் மெல்லிய குழாய் சேரும் இடத்தில் வெண்பனி படியும். முக்கியமாக, குழாய் மூட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கு தெரியும். கேஸோடு கம்ப்ரஸர் எண்ணெயும் சுற்றுவதால், கேஸ் கசியும் இடத்தில் எண்ணெயும் கசிந்து தூசியைப் பிடித்துக் கறுத்து நிற்கும்.

பாறசாலைக்கு அருகே ஒரு தமிழ்க் குடும்பம். எண்பதைத் தாண்டிய பாட்டிக்காக ஒரே ஓர் அறையில் ஏ.சி. போட்டிருந்தார்கள். பதினான்கு மாதத்தில் மூன்று முறை கேஸ் நிரப்பியாயிற்று. “அண்ணாச்சி, இனி புதுசு வாங்குறது தவிர வேற வழியில்லையா?” என்று அந்த வீட்டு அம்மாள் கேட்டார். வெளி யூனிட்டின் பக்கவாட்டில் இரண்டு பித்தளை நட்டுகள் இருக்கும். அவற்றில் ஒன்றைச் சுற்றிக் கறுப்பு வளையம் இருந்தது. சோப்பு நுரையைத் தடவினோம். கொஞ்ச நேரத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பின. முதன்முதலில் மாட்டியபோதே குழாயின் வாயைச் சரியாக விரிக்காமல் நட்டை முடுக்கியிருக்கிறார்கள். வேறொரு மெக்கானிக் குழாய் வாயை வெட்டிப் புதிதாக விரித்து, இறுக்கி, முறைப்படி கேஸ் போட்டார். அதன் பிறகு இரண்டு கோடை கடந்துவிட்டது. பாட்டி நிம்மதியாகத் தூங்குகிறார்.

மூன்று முறை வந்தவர்களில் ஒருவர்கூட ஒழுக்கைத் தேடவில்லை. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றியதற்கு மூன்று முறை கூலி வாங்கினார்கள்.

நட்டம் நம் பணத்தோடு முடிவதுமில்லை. பழைய ஏ.சி.களில் உள்ள ஆர்-22 ஓசோன் படலத்தைக் கெடுப்பது. 1987இல் கையெழுத்தான மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி உலகம் அதைக் கைவிட்டு வருகிறது. அது ஒரு கிலோ காற்றில் கலந்தால், புவியைச் சூடாக்குவதில் ஏறத்தாழ 1,800 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஒழுக்கை அடைக்காமல் நிரப்பிக்கொண்டே போவது, வெயிலைத் தணிக்க வாங்கிய இயந்திரத்தால் வெயிலையே கூட்டுவதாகும்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை

மொழி சரளமாக வரவில்லை என்று தயங்கி, சொன்னதற்கெல்லாம் தலையாட்டுபவர்கள் நம்மில் உண்டு. தயங்க வேண்டாம். “லீக் எவிடெயா? அது காணிச்சிட்டு கேஸ் நிறச்சா மதி” என்று மரியாதையாகச் சொன்னால் போதும். வேலை தெரிந்தவர் கோபப்பட மாட்டார். மேலும் கேட்க வேண்டியவை:

1. ஃபில்டர், விசிறி, கெபாசிட்டர் எல்லாம் பார்த்தாயிற்றா?

2. ஒழுக்கு எந்த இடத்தில்? கண்ணால் காட்ட முடியுமா?

3. அடைத்த பிறகு நைட்ரஜன் அழுத்தம் கொடுத்துச் சோதிப்பீர்களா? இதற்கு ஆக்சிஜன் சிலிண்டரை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. கம்ப்ரஸர் எண்ணெயோடு அழுத்தமான ஆக்சிஜன் சேர்ந்தால் வெடிக்கும்.

4. வேக்குவம் பம்ப் கொண்டுவந்திருக்கிறீர்களா? குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் இழுத்து எடுக்காமல் கேஸ் போட்டால் கம்ப்ரஸரின் ஆயுள் குறையும்.

5. எந்தக் கேஸ், எத்தனை கிராம்? இரண்டும் வெளி யூனிட்டின் பெயர்த்தகட்டில் எழுதியிருக்கும். ஒன்றரை டன் ஆர்-32 இயந்திரத்தில் ஒரு கிலோவுக்கு முன்பின்னாகத்தான் இருக்கும். தராசில் சிலிண்டரை வைத்து எடை பார்த்துப் போடச் சொல்லுங்கள். அதிகம் போட்டாலும் குளிராது.

6. என்ன செய்தீர்கள் என்று பில்லில் எழுதித் தர முடியுமா?

ஆர்-22 இயந்திரத்தில் வேறு கேஸைக் கலந்து அடைக்க விடாதீர்கள். ஆர்-32 ஓரளவு தீப்பற்றக் கூடியது. ஆர்-290 என்பது புரொப்பேன், அதாவது நம் சமையல் கேஸில் இருப்பது. இவ்வகை இயந்திரங்களில் வேலை நடக்கும்போது ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும்; பக்கத்தில் விளக்கோ, பீடி சிகரெட்டோ கூடாது. கேஸ் குழாயில் இருக்கும்போதே தீச்சுடர் வைத்துப் பற்றவைக்க முயன்றால் தடுத்து நிறுத்துங்கள்.

பெயர்த்தகடு, பில், வாரண்டி அட்டை ஆகியவற்றைப் படமெடுத்து வைத்துக்கொள்வது நல்லது. நம்மவர்கள் மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ வாங்கி, எல்லைக்கு இப்பால் கொண்டுவந்து மாட்டுவது வழக்கம். புகார் பதியும்போது வாங்கிய ஊரைச் சொல்லாமல், ஏ.சி. மாட்டியிருக்கும் வீட்டின் பின்கோடைச் சொல்லுங்கள். பல கம்பெனிகள் கம்ப்ரஸருக்குப் பத்து ஆண்டு வாரண்டி தருகின்றன; வெளியாளைக் கூப்பிடுமுன் அதைப் பார்த்துவிடுங்கள். நியாயம் கிடைக்காவிட்டால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம்.

நாமே செய்யக் கூடாதவை

ஃபில்டர் கழுவுவதும், வெப்பமானி பிடிப்பதும், பார்ப்பதும், கேட்பதும் நம் வேலை. அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வெளி யூனிட்டின் மூடியைத் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். இன்வெர்ட்டர் பலகையில் 300 வோல்ட்டுக்கு மேல் சில நிமிடங்கள் வரை நிற்கும். மாடிச் சுவரில் மாட்டிய யூனிட்டைச் சன்ஷேடில் இறங்கி நின்று துடைக்க முயலாதீர்கள். மெக்கானிக் ஏறினாலும் இடுப்பில் பெல்ட் கட்டச் சொல்லுங்கள். அவருக்கும் ஒரு குடும்பம் உண்டு.

கடைசியாக, ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கி ஏ.சி.க்கென்று வைத்துவிடுங்கள். ஃபில்டர் கழுவிய தேதி, சர்வீஸ் செய்த தேதி, வெப்பமானி காட்டிய வித்தியாசம், கேஸ் போட்டிருந்தால் எத்தனை கிராம், யார் போட்டது என்று எழுதி வையுங்கள். ரயில்வேயில் ஒவ்வொரு பெட்டிக்கும் இப்படிப் பதிவேடு உண்டு. சென்ற கோடையில் பத்து டிகிரி இருந்த வித்தியாசம் இந்தக் கோடையில் ஆறு டிகிரி என்று நோட்டு சொன்னால், முழுவதும் நின்று போகுமுன்பே நீங்கள் விழித்துக்கொள்ளலாம். அந்த நோட்டோடு வாசலில் நிற்கும் வீட்டுக்காரரிடம் “கேஸ் போயி” என்று இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டுப் போக யாருக்கும் மனம் வராது.

வெயில் ஏறுமுன் இந்த ஞாயிற்றுக்கிழமையே ஃபில்டரில் தொடங்கலாம். நம் குடும்பங்கள் யாவும் பாதுகாப்போடும் சிக்கனத்தோடும் இக்கோடையைக் கடக்க என் வாழ்த்துகள்.